முதுகு காட்டி நின்ற நேரம்

காற்று போன டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்திருக்கும்போது பஞ்சர்க்காரரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பதில் வராது. குமிழி எங்கே கிளம்புகிறது என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வந்த இடத்தில் ஈரத்தைத் துடைத்து, பேனாவால் ஒரு வட்டம் போட்ட பிறகுதான் நிமிர்ந்து, "ம், சொல்லுங்க" என்பார். அவசரக்காரர்கள் சிலர் இங்கேதான் ஆணி ஏறியிருக்கும், தேய்த்து ஒட்டிவிடுங்கள் என்று கையைக் காட்டுவார்கள். "நான் பார்க்காத ஓட்டைக்கு ஒட்டுப் போடுறதில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு டியூபை மறுபடியும் தண்ணீரில் போடுவார். பேச்சில் நயம், குழைவு எதுவும் கிடையாது. ஆனாலும் அந்தத் தெருவில் வண்டி வைத்திருந்தவர்கள் அவரிடம்தான் வந்தார்கள். ஒட்டு நின்றது, அவ்வளவுதான்.

கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம். வாசலில் தொட்டி, உள்ளே கம்ப்ரசர், சுவரோரம் பழைய டயர் அடுக்கு. அதற்கு மேலே ஒரு பச்சைக் கொடி, கிரீஸ் கை பட்டுப் பட்டு ஓரம் கறுத்துப்போனது. பச்சைச் சட்டை கால்பந்து அணியின் கொடி அது. ஆட்டம் இருக்கிற நாளில் மதியமே ஷட்டர் பாதி இறங்கிவிடும். அப்போது வந்து நிற்கிற வண்டிக்காரர் அழுதாலும் சரி, புரண்டாலும் சரி, நாளைக்குத்தான்.

அவருக்குக் கால்பந்து பற்றிச் சில முடிவான கருத்துகள் இருந்தன. நடுவர்களில் கண் தெரியாதவன், கால் ஓடாதவன், கை நீளுகிறவன் என்று மூன்று ஜாதி உண்டு, நாலாவது ஜாதியை இன்னும் நான் பார்க்கவில்லை என்பார். பத்திரிகைக்காரன் பாதி ஆட்டத்தில் வந்து, பக்கத்தில் இருப்பவனிடம் ஸ்கோர் கேட்டு எழுதிக்கொண்டு, இடைவேளை டீயோடு நடையைக் கட்டுகிறவன். டிவிக்காரனுக்குப் பந்தைவிட ஜனத்தைப் படம் பிடிக்கத்தான் பிடிக்கும். கால்பந்துச் சங்கத்தைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது? நடுவரை அனுப்புவது, அட்டவணை போடுவது, அணியை ஏற்றுவது இறக்குவது எல்லாம் அவர்கள்தான். ஆனால் கோப்பை கொடுக்கும் நாளைத் தவிர அந்த முகங்களை மைதானத்தில் பார்க்க முடியாது. திட்டுவதற்கு வாகாக நடுவில் நிற்பவன் விசில்காரன் ஒருவன்தான். அதனால் எல்லாத் திட்டும் அவனுக்கே போய்ச் சேர்ந்தது.

மைதானத்தின் கிழக்குப் பக்கம் கூரையில்லாத சிமெண்டுப் படிகள் பச்சைச் சட்டைக்காரர்களுக்கு. அங்கே ஒரு பழக்கம் இருந்தது, அதை ஏற்படுத்தியவர் இவர்தான். ஒரு வருடம் தப்பான பெனால்டிக்குப் பாட்டில் பறந்து, போலீஸ் படியேறி வந்து எல்லார் முதுகையும் பழுக்க வைத்தது. அதற்கு அடுத்த ஆட்டத்தில் இவர் சொன்னார்: இனிமேல் பாட்டிலும் வேண்டாம், கெட்ட வார்த்தையும் வேண்டாம். தப்பாக விசில் ஊதினால் படி மொத்தமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்போம். முதுகை அடித்தானே, முதுகையே பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்கு ஒரு முறையும் வகுத்தார்கள். டிரம் மூன்று முறை அதிர்ந்தால் எல்லாரும் திரும்ப வேண்டும். மறுபடி டிரம் அதிரும் வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தவனை அந்த சீசன் முழுக்கப் பின்மண்டையன் என்று கூப்பிட்டே கொன்றுவிடுவார்கள். டிரம் அடிப்பது இவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. பிளம்பர் வேலை பார்க்கிறவன். நடுப்படியில் நிற்பான். இவருக்கு இடம் கம்பி வேலியை ஒட்டிய கீழ்ப்படி. திரும்பி நின்றால் மேலே இருக்கும் அத்தனை பேரின் பின்மண்டையும் இவர் கண்ணில் படும். எவனாவது கழுத்தைத் திருப்பினால் முதலில் மாட்டுவது இவரிடம்தான்.

அந்த சீசனின் கடைசி ஆட்டத்துக்கு வருவோம். ஜெயித்தால் பச்சைச் சட்டை முதல் டிவிஷனில் தங்கும், டிரா ஆனால் இறங்கும். ஆட்டம் முடியப் போகிற நேரம், கோல் எதுவும் விழவில்லை. எதிரணிக்காரன் காலில் பட்டுப் பந்து கோல் கோட்டுக்கு வெளியே போனது. கார்னர் என்று படியே கத்தியது. நடுவர் கோல் கிக் என்று கையைக் காட்டினார். அது தப்பு, அதில் சந்தேகமில்லை. டிரம் மூன்று முறை அதிர்ந்தது. கிழக்குப் படி மொத்தமும் திரும்பியது.

பிறகு நடந்ததை அவர்கள் காதால்தான் அறிந்தார்கள். எதிர்ப்பக்கக் கூட்டத்தில் ஒரு கூச்சல், பச்சைச் சட்டை ஆட்களின் அலறல். டிரம்முக்குக் காத்திராமல் படி திரும்பியபோது பந்து எதிரணியின் வலைக்குள் கிடந்தது. பச்சைச் சட்டைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் எடுத்த உதை நேராகப் பச்சைச் சட்டைக்காரன் ஒருவனிடம் போய், அவன் தூக்கிக் கொடுத்ததை அணியின் நெட்டையன் தலையால் தள்ளியிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. அந்த சந்தோஷம் தொண்டைக்கு வந்து வெளியே வருவதற்குள் விசில். நடுவர் கையைத் தூக்கி நின்றார். கோல்கீப்பர் மேல் ஃபவுல். கோல் இல்லை. அத்தோடு ஆட்டமும் முடிந்தது.

வெளியே வரும் வழியில் டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டினாள். இவர் அதைப் பிடுங்காத குறைதான். சுத்தமான கோல் அது, யாரும் யாரையும் தொடவில்லை, விசில்காரன் விலை போய்விட்டான் என்று மூச்சுவிடாமல் கொட்டினார். நீங்கள் பார்த்தீர்களா என்று அவள் கேட்டாள்.

"இந்த ரெண்டு கண்ணால பார்த்தேம்மா" என்றார்.

அன்றிலிருந்து அந்த முகம் டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. கீழே 'நேரில் கண்டவர்' என்று எழுத்து. டீக்கடையில் அவருக்கு எழுந்து இடம் விட்டார்கள். கேமராவில் ஃபவுல் விழவில்லையா என்றால் விழவில்லை. இருந்தது ஒரே கேமரா. அது அந்த நேரத்தில் கிழக்குப் படியின் முதுகுகளை ஆசை ஆசையாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பத்திரிகைப் படக்காரரும் அதைத்தான் எடுத்திருந்தார். மறுநாள் முதல் பக்கத்தில் படி நிறைய முதுகுகள், 'மௌனப் போராட்டம்' என்று தலைப்பு. மூலையில் மைதானக் கடிகாரம், விளிம்பில் பந்தோடு ஓடும் பச்சைச் சட்டைக்காரன் ஒருவனின் அரை உடம்பு.

மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவர். யாரோ வார்டில் போட்டுவிட்டுப் போன பேப்பரை மடித்து எடுத்து வந்திருந்தார். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அதை விரித்தார்.

"ஏங்க, இது நீங்கதானே?"

கீழ்ப்படியில் அகலமாக ஒரு முதுகு. சட்டையின் இடது தோளுக்குக் கீழே வேறு பச்சையில் ஒரு ஒட்டு. கம்ப்ரசர் கொக்கியில் மாட்டிக் கிழிந்த இடத்தில் மனைவி தைத்துக் கொடுத்தது.

"நான்தான்" என்றார் பெருமையாக.

"டிவியில ரெண்டு கண்ணால பார்த்தேன்னு சொல்றதும் நீங்கதான். அந்த ரெண்டையும் முதுகுல வெச்சிருந்தீங்களாக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆட்டம் தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று எரிந்து விழுந்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். மனைவி பேப்பரைத் தூக்கிப் போடாமல் அலமாரித் தட்டில் விரித்து, அதன் மேல் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த வாரமே நடுவர் கடைக்கு வந்தார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, மற்ற நாளில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் காக்கிச் சட்டையோடு, வேர்த்து விறுவிறுத்து. கொடியைப் பார்த்ததும் கால் தயங்கியது. பிறகு வந்துவிட்டார்.

"இந்தப் பக்கம் வேற கடை இல்லைங்க. அதான்."

பஞ்சர்க்காரர் வண்டியைச் சாய்த்துப் பார்த்தார். இரண்டு டயரும் தரையோடு தரையாகக் கிடந்தன. பக்கவாட்டில் பிளேடால் இழுத்த நேர் கோடு. தொட்டிக்கும் வேலையில்லை, குமிழிக்கும் வேலையில்லை.

"இது ஆணி இல்ல" என்றார்.

"தெரியும். வாசல்ல நிறுத்தியிருந்தேன். பக்கத்துல பொண்ணு சைக்கிளும் நின்னுச்சு. அதையும் விடல."

சைடில் கிழித்தால் ஒட்டு நிற்காது. அடுக்கிலிருந்து நன்றாக இருந்த இரண்டு டயரைத் தேடி எடுத்துப் போட்டார். ஜாக்கி ஏறி இறங்கியது, கம்ப்ரசர் ஓடி நின்றது. நடுவர் ஸ்டூலில் உட்காராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கடைசி நட்டை முறுக்கும்போது இவருக்கு அடக்க முடியவில்லை.

"அந்த கோலை ஏன் சார் அழிச்சீங்க?"

"உங்க நெட்டையன் கோல்கீப்பர் கையைப் பிடிச்சுக் கீழ இழுத்தான். நான் பக்கத்துலயே நின்னேன்."

"வேற யாரு பார்த்தா?"

"நடுநிலையா யாரும் பார்க்கலைங்க, எதிரணிக்காரங்க சொன்னா எடுபடாது. அந்தப் பக்க லைனுக்குச் சங்கம் உதவி நடுவரை அனுப்பல. கிளப்புல ஒரு வயசானவரைக் கொடி பிடிக்கச் சொல்லி நிக்க வெச்சாங்க, அவருக்குப் பந்து வெளிய போச்சா இல்லையான்னு பார்க்கவே நேரம் சரி. கேமரா உங்களைப் பார்த்துட்டிருந்துச்சு." கொடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க படியைப் பார்த்துட்டிருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முதுகுதான். முன்னால நின்னது உங்க முதுகு."

இவர் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"அந்த கார்னர் என் தப்பு" என்றார் நடுவர். "சங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததுலயும் அதை ஒத்துக்கிட்டேன். அதுக்கு எவ்வளவு வேணாலும் திட்டுங்க. இது அப்படி இல்ல."

எனக்காகச் சாட்சி சொல்லுங்கள் என்று அவர் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூலியை டயர் அடுக்கின் மேல் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சங்கம் விசாரணை வைத்திருந்தது. நடுவர் தப்பு என்று தீர்ந்தால் அவர் விசிலைப் பிடுங்கிவிடுவார்கள். ஆட்டத்தைத் திரும்ப நடத்துவார்கள், பச்சைச் சட்டைக்கு இன்னொரு வாய்ப்பு. டிக்கெட் விற்கும், டிவிக்காரனுக்கும் கொண்டாட்டம். சங்கத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது என்பது அரசல்புரசலாக எல்லாருக்கும் தெரியும். குறை ஒன்றுதான், சாட்சி வேண்டும். ஊரறிந்த சாட்சி இவர்தான்.

விசாரணைக்கு முந்தைய சாயங்காலம் மச்சினன் கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். டிவியில் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டால் போதும், மற்றதைச் செயலாளர் பார்த்துக்கொள்வார் என்றான். இவர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி இருந்தார். குமிழி வந்தது. வட்டம் போடவில்லை.

"மாப்ளே, நீ பார்த்தியா?"

"என்ன மாமா கேள்வி இது? பந்து வலைக்குள்ள கிடந்துச்சே."

"கிடந்ததை நானும் பார்த்தேன். போனதைப் பார்த்தியா?"

"நான் டிரம்மோட திரும்பி நின்னேன். ஆனா எல்லாரும் பார்த்தாங்க மாமா. எல்லாரும் சொல்றாங்கல்ல."

"எல்லாரும்னா யாரு? ஒரு ஆளைச் சொல்லு."

மச்சினன் யோசித்தான். மேல்படி எலக்ட்ரீஷியனைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அந்த எலக்ட்ரீஷியனோ மச்சினன் பார்த்ததாக நம்பிக்கொண்டிருந்தான். மச்சினன், மாமா பார்த்ததாக நம்பிக்கொண்டிருந்தான். மாமா டிவியில் சொல்லிவிட்டார் என்பதால் படி முழுக்கப் பார்த்ததாக ஆகிவிட்டது.

"ஒரு பயலும் கழுத்தைத் திருப்பல" என்றார் பஞ்சர்க்காரர். "உங்க எல்லார் பின்மண்டையையும் எண்ணாத குறையா நான் பார்த்துட்டிருந்தேன். அன்னைக்கு நான் பார்த்தது அது ஒண்ணுதான்."

மச்சினனுக்கு முகம் மாறிவிட்டது. டீமை இறக்கிவிடப் போகிறீர்களா என்று கேட்டான். விசில்காரன் டயர் மாற்ற வந்தானாமே, ஊரே பேசுகிறது, என்ன கொடுத்தான் என்றும் கேட்டான். அப்படிக் கேட்டது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அலமாரித் தட்டில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். பேப்பரை உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவி பார்த்தார். "டம்ளரைத் திரும்பக் கவுத்து வைங்க, பல்லி ஓடும்" என்று மட்டும் சொன்னார்.

சங்கத்து அலுவலகம் ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில். கண்ணாடி அலமாரியில் கறுத்துப்போன கோப்பைகள். நடுவர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், கையை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவரான கட்டட கான்ட்ராக்டர், செயலாளர், ஒரு வக்கீல். உட்காருங்கள், நீங்கள்தான் முக்கியமான சாட்சி, பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்றார் செயலாளர். குரலில் தேன் சொட்டியது.

அவர் உட்காரவில்லை. பேப்பரை விரித்து மேசைமேல் வைத்து, நகத்தில் கிரீஸ் போகாத விரலால் காட்டினார்.

"இது என் முதுகுங்க. கடிகாரத்தைப் பாருங்க. கோல் விழுந்த அதே நிமிஷம் எடுத்தது. நான் பார்க்கல."

டிவியில் அப்படிச் சொன்னீர்களே என்றார் வக்கீல். சொன்னது பொய் என்றார் இவர். யாராவது மிரட்டினார்களா என்று தலைவர் கேட்டார். இல்லை. யாராவது ஏதாவது கொடுத்தார்களா? அதற்கு இவர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கேள்வியை விட்டுவிட்டார்.

"அப்ப ரெஃப்ரி சொல்றதுதான் சரிங்கறீங்களா?" என்றார் செயலாளர். குரலில் தேன் தீர்ந்திருந்தது.

"அதுவும் எனக்குத் தெரியாதுங்க. நெட்டையன் கையை இழுத்தானா இல்லையான்னு நான் எப்படிச் சொல்ல? பார்க்காததை ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அங்க பார்த்துட்டிருந்தது அவர் ஒருத்தர்தான். லைனுக்கு நீங்க ஒரு ஆளை அனுப்பியிருந்தா ரெண்டு பேர் பார்த்திருப்பாங்க."

தலைவர் கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சரி, நீங்கள் போகலாம் என்றார்கள். வெளியே வந்தபோது நடுவர் எழுந்து நின்றார். இவர் நிற்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். தன் அணியைத் தன் வாயாலேயே கீழே இறக்கிவிட்டு வருகிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

அப்படித்தான் ஆனது. ஆட்டத்தின் முடிவு நின்றது, பச்சைச் சட்டை இறங்கியது. நடுவர் மேல் குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை என்று சங்கம் அறிவித்தது. ஆனால் அடுத்த வருடம் அவர் இரண்டாவது டிவிஷனில் மட்டும் ஊதட்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. குற்றம் இல்லாதவரை ஏன் இறக்கினார்கள் என்று ஒரு பத்திரிகையும் கேட்கவில்லை. லைனுக்கு ஆள் அனுப்பாததைப் பற்றியும் யாரும் எழுதவில்லை. 'நேரில் கண்டவர் பல்டி, பின்னணி என்ன?' என்று மட்டும் ஒரு தலைப்பு வந்தது. எழுதியவர் கடைப்பக்கம் வரவே இல்லை. பின்னணி என்ன என்று கேட்டிருந்தால் முதுகு என்று இவர் சொல்லியிருப்பார்.

கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். சிலர் பஞ்சரான வண்டியை வாசல் வழியாகவே தள்ளிக்கொண்டு போய், தூரத்துக் கடைக்குப் போனார்கள். டீக்கடையில் பெஞ்சு நிறைந்தே இருந்தது. ஷட்டரில் எவனோ 'விலை என்ன?' என்று கரியால் எழுதிவிட்டுப் போனான். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் இறங்கி, சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்தார். எழுத்து போனது, கறை இருந்தது. மச்சினன் வீட்டுப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டான். அதைப் பற்றி மனைவி இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமைதான் இவரைத் தின்றது.

புது சீசன் தொடங்கியது. இரண்டாவது டிவிஷன், கூட்டம் பாதி. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் காலையில் நினைத்தார். மதியம் ஷட்டர் தானாகப் பாதி இறங்கிவிட்டது. ஒட்டுப் போட்ட அதே சட்டையை மாட்டிக்கொண்டு, கீழ்ப்படியில் தன் இடத்தில் போய் நின்றார். இரண்டு பக்கமும் ஆள் நிற்கவில்லை. மழைக்கு ஒதுங்கியதுபோல் எல்லாரும் தள்ளி நின்றார்கள். விசிலோடு மைதானத்துக்குள் வந்தவர் அதே நடுவர்.

பாதி ஆட்டத்தில் பந்து எதிரணிக்காரன் காலில் பட்டு, இவர் கண்ணுக்கு எதிரே, வேலிக்குப் பக்கத்தில் வெளியே போனது. நடுவர் தூரத்திலிருந்து ஓடி வந்து அவர்களுக்கே த்ரோ கொடுத்தார். டிரம் மூன்று முறை அதிர்ந்தது. படி திரும்பியது.

அவர் திரும்பவில்லை.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகுகளுக்கு முன்னால் ஒற்றை முகமாக நின்றார்.

"யோவ் விசிலு" என்று அடித்தொண்டையில் கத்தினார். "அவன் கால்ல பட்டுச்சுய்யா. நான் பார்த்தேன்."

நடுவர் இந்தப் பக்கம் பார்த்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். முடிவை மாற்றவில்லை, மாற்றவும் மாட்டார். லேசாகத் தலையசைத்த மாதிரி இருந்தது, அது வேர்வையை உதறியதாகவும் இருக்கலாம். த்ரோ எறிந்தார்கள். ஆட்டம் போனது.

பந்து பச்சைச் சட்டைக்காரன் காலுக்கு வந்தது. எதிர்ப்பக்கம் சத்தம் கிளம்பியது. பின்னால் படியில் ஒரு நெளிவு, முணுமுணுப்பு. டிரம் இன்னும் அதிரவில்லை. திரும்பினால் பின்மண்டையன். மேலேயிருந்து ஒரு குரல், இத்தனை மாதமாகப் பேசாத குரல், கழுத்தைத் திருப்பாமலே கேட்டது.

"மாமா, என்ன நடக்குது?"

அவர் கண்ணைப் பந்திலிருந்து எடுக்கவில்லை.

"இரு மாப்ளே. பார்த்துட்டுச் சொல்றேன்."